முதுகுவலி: அஞ்ச வேண்டாததும் அஞ்ச வேண்டியதும்

(அறக்கட்டளையின் விழா அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக்குழுவினர் இவ்வாண்டு எனக்கு இலக்கியத் தலைப்பைத் தராமல் முதுகுவலியைப் பற்றிப் பேசுமாறு பணித்தனர். நான் மருத்துவர் அல்லேன். முப்பதாண்டுகளுக்கு மேல் கரும்பலகை முன் நின்று தமிழ் கற்பித்தவள். எனினும் இத்தலைப்பை விருப்பத்துடன் ஏற்றேன். முதுகுவலியில் துன்பத்தின் ஒரு பகுதி உடலிலிருந்து வருகிறது. மற்றொரு பகுதி சொல்லிலிருந்து வருகிறது என்பதே அதற்குக் காரணம்.

"ஜவ்வு விலகிவிட்டது", "எலும்பு தேய்ந்துவிட்டது", "அசையாமல் படுத்து ஓய்வெடுக்க வேண்டும்" என்னும் மூன்று தொடர்களை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். மூன்றும் நன்மை கருதிச் சொல்லப்படுபவையே. ஆயினும் மூன்றிலும் பிழை உண்டு. பிழையான சொல் பிழையான அச்சத்தை உண்டாக்குகிறது. அவ்வச்சம் பிழையான மருத்துவத்திற்கு இட்டுச் செல்கிறது. நான்காவதாக, கட்டாயம் சொல்லப்பட வேண்டிய செய்தி ஒன்று சொல்லப்படாமல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதனால் விளையும் கேடு முன்னைய மூன்றினும் பெரிது. இந்நான்கையும் வரிசையாகக் காண்போம்.

முதுகின் அமைப்பு

இத்துன்பம் நமக்கு மட்டும் வாய்த்ததன்று. 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் இடுப்புவலியோடு வாழ்ந்தனர் என்று உலகளாவிய நோய்ச்சுமைக் கணக்கீடு கூறுகிறது. வயலில் குனிந்து களையெடுப்பவர்க்கும் வலி வருகிறது. நாள் முழுதும் கணினி முன் அமர்ந்திருப்பவர்க்கும் வருகிறது. இவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை தசை, தசைநார், சிறு மூட்டுகள் ஆகியவற்றின் பிடிப்பாலும் அயர்வாலும் தோன்றிச் சில வாரங்களில் தாமே தணிபவை. வட்டுப் பிதுக்கத்தால் வருவன ஒரு சிறு பகுதியே.

'டிஸ்க்' என்று மருத்துவரும் 'ஜவ்வு' என்று மக்களும் கூறுவதையே இங்கு வட்டு என்கிறேன். முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கரும்பின் கணுக்களைப்போல் முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்ற தூண் அது. கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, இடுப்பில் 5, அவற்றின் கீழ் இடுப்புக்கூட்டோடு ஒன்றிப்போன எலும்புகள் என அவ்வடுக்கு அமைந்துள்ளது. எலும்புக்கும் எலும்புக்கும் இடையே மெத்தை போல் அமைந்தவை வட்டுகள். மொத்தம் 23 வட்டுகள் நம் முதுகில் உள்ளன.

வட்டினை விளங்கிக்கொள்ள நுங்கை எண்ணிப் பாருங்கள். மேலே தோல், உள்ளே வழுவழுப்பான, நீர் நிறைந்த சதை. வட்டிலும் வெளிப்புறம் உறுதியான நார் வளையமும், உட்புறம் கூழ்போன்ற நடுப்பகுதியும் உண்டு. இளமையில் அந்நடுப்பகுதியில் பெரும்பங்கு நீரே. நாம் நடக்கும்போதும் குதிக்கும்போதும் அதிர்ச்சியைத் தாங்குவது இதுதான். எலும்புத் தூணின் பின்புறத்துக் குழாய்வழியே தண்டுவடம் இறங்குகிறது. அது இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரையின் வால்போல் கற்றையாகத் தொங்கி, ஒவ்வொரு மட்டத்திலும் இரு பக்கமும் பிரிந்து கால்களுக்குச் செல்கின்றன. இக்குதிரைவால் நரம்புக் கற்றையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இதைப்பற்றி மீண்டும் பேசவேண்டியிருக்கிறது.

'விலகல்' என்னும் சொல்

விலகுதல் என்றால் இருந்த இடத்தை விட்டு அப்பால் செல்லுதல் என்று பொருள். வட்டு அவ்வாறு செல்வதில்லை. அது மேலெலும்போடும் கீழெலும்போடும் இறுகப் பிணைந்துள்ளது. வெளி வளையத்தில் ஒரு பக்கம் நைந்து, உள்ளிருக்கும் கூழ் அப்பக்கமாகப் புடைக்கிறது; சிலர்க்கு வளையம் கிழிந்து சிறிது வெளியே வருகிறது. ஆதலின் 'பிதுக்கம்' என்பதே பொருத்தமான சொல்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. "விலகியது" என்று நம்பினால், "தட்டி உட்காரவைக்கலாம்" என்பவரிடம் செல்லத் தோன்றும். முதுகில் ஏறி மிதிப்பவரும், இடுப்பைச் சுளுக்கெடுப்பதுபோல் முறுக்குபவரும் அந்நம்பிக்கையின்மேல் தொழில் செய்கின்றனர். பிதுங்கிய கூழை வெளியிலிருந்து அழுத்தி உள்ளே செலுத்த எவராலும் இயலாது. எண்ணெய் தடவி மென்மையாக நீவுவதும் வெந்நீர் ஒத்தடமும் தசைக்கு இதம் தரும், அவற்றில் குற்றமில்லை. ஆனால் காலில் மரத்துப்போதலோ வலுக்குறைவோ உள்ளவரும், எலும்பு மெலிந்த முதியோரும் வன்மையான முறுக்குதலுக்கு உடலைக் கொடுத்தல் கூடாது.

பிதுங்கிய வட்டே காலுக்குச் செல்லும் நரம்பை அழுத்தி வலி உண்டாக்குகிறது என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் ஆகிய இருவரும் 1934இல் தெளிவுற நிறுவினர். அதற்குமுன் அத்துண்டுகளைக் கட்டிகள் என்றே பலர் கருதியிருந்தனர். அழுத்தம் மட்டுமன்றி, பிதுங்கிய கூழிலுள்ள வேதிப்பொருள்களும் நரம்பில் அழற்சியை உண்டாக்குகின்றன என்பது பின்னர் அறியப்பட்டது. எனவேதான் சிறிய பிதுக்கம் பெருவலி தருவதும், பெரிய பிதுக்கம் வலியே தராதிருப்பதும் உண்டு.

பிதுக்கங்களுள் பெரும்பாலானவை இடுப்பின் கடைசி இரண்டு வட்டுகளிலேயே நிகழ்கின்றன. அறிக்கைகளில் எல்4-எல்5 என்றும் எல்5-எஸ்1 என்றும் குறிக்கப்படுபவை அவையே. வலி இடுப்பில் தொடங்கி, பிட்டம், தொடையின் பின்புறம் வழியாக முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை ஒரு காலில் இறங்கும். இதனையே சயாட்டிகா என்கிறோம். இருமினாலும் தும்மினாலும் மின்சாரம் பாய்ந்தாற்போல் வலி மிகும். ஐந்தாம் இடுப்பு நரம்பு பாதிக்கப்பட்டால் காலின் வெளிப்புறமும் பெருவிரலும் மரத்து, குதிகாலால் நடக்க இயலாமற் போகலாம். அதற்கு அடுத்த நரம்பாயின் கெண்டைக்காலும் சிறுவிரற் பக்கமும் மரத்து, நுனிக்காலில் எழும்பி நிற்க இயலாமற் போகலாம். மருத்துவர் உங்களைக் குதிகாலாலும் நுனிக்காலாலும் நடக்கச் சொல்வதும், மல்லாந்து படுக்கவைத்துக் காலை நீட்டியவாறே உயர்த்திப் பார்ப்பதும் இதனை அறிவதற்கே.

இங்கு ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். இரு பாதங்களும் ஒருசேர எரிவதும் மரப்பதும் வட்டால் வருவது அரிது. நெடுநாள் சர்க்கரை நோயும், பி12 உயிர்ச்சத்துக் குறைவும் அதற்குப் பெரிதும் காரணமாகும். பி12 தாவர உணவில் இல்லை; பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. புலால் உண்ணாத நம் குடும்பங்களில் முதியோரும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல்லாண்டு உட்கொள்வோரும் ஓர் இரத்தப் பரிசோதனையால் இதனை அறிந்துகொள்ளலாம். முதுகுக்கு ஸ்கேன் எடுக்கும் முன் இதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

'தேய்மானம்' என்னும் சொல்

எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் வாங்கியவுடன் பலரும் முகம் வாடிவிடுகின்றனர். தேய்மானம், பிதுக்கம், நீர்வற்றல் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். தேய்ந்த பொருள் மீளாது என்பது நம் பொதுப்புத்தி. உழைக்க உழைக்க இன்னும் தேயும் என்று அஞ்சி, அன்று முதல் குனிவதை விடுகிறோம், நடப்பதை விடுகிறோம், பேரக்குழந்தையைத் தூக்குவதையும் விடுகிறோம்.

1994இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு நம் கண்ணைத் திறக்க வல்லது. முதுகுவலியே இல்லாத 98 பேர்க்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தனர். அவர்களுள் நூற்றுக்கு 52 பேர்க்கு ஒரு வட்டேனும் புடைத்திருந்தது. நூற்றுக்கு 27 பேர்க்குப் பிதுக்கமே இருந்தது. எல்லா வட்டுகளும் குறையின்றி இருந்தவர் நூற்றுக்கு 36 பேர் மட்டுமே. பின்னர் 2015இல், வலியற்ற 3,110 பேரின் படங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்தனர். இருபது வயதினரிலேயே நூற்றுக்கு 37 பேர்க்கு வட்டில் தேய்மானம் காணப்பட்டது. எண்பது வயதினரில் அது நூற்றுக்கு 96 ஆக உயர்ந்தது. இவர்கள் அனைவரும் வலியின்றி வாழ்பவர்கள் என்பதை மறவாதீர்கள்.

ஆகவே வட்டின் தேய்மானம் பெரும்பாலும் நரைமுடி போன்றது, முகச்சுருக்கம் போன்றது. வயதின் அடையாளமேயன்றி நோயின் தீர்ப்பன்று. படம் சொல்வதும் உடல் சொல்வதும் ஒத்துப்போனால் மட்டுமே படத்திற்குப் பொருளுண்டு. இடக்காலில் வலி இருக்க, படத்தில் வலப்பக்கம் பிதுக்கம் தெரிந்தால் அப்பிதுக்கம் வலிக்குக் காரணமாகாது. அபாய அடையாளங்கள் இல்லாதவர்க்கு முதல் சில வாரங்களில் ஸ்கேன் தேவையில்லை என்பதே பல நாட்டு மருத்துவ நெறிமுறைகளின் முடிவு. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியுமேயன்றி வட்டு தெரியாது என்பதையும் அறிந்துகொள்க.

இதனினும் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. பிதுங்கி வெளிவந்த கூழை உடலே வேற்றுப்பொருளாகக் கண்டு, இரத்த அணுக்களைக் கொண்டு சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. வளையத்தைக் கிழித்து முழுவதும் வெளியேறிய துண்டுகளே பெரும்பாலும் மிகுதியாகச் சுருங்குகின்றன. படத்தில் பெரிதாகத் தெரிவது என்றும் அவ்வாறே நிற்கும் என்று எண்ண வேண்டியதில்லை. சயாட்டிகா வந்தவருள் பெரும்பாலோர் 6 முதல் 12 வாரங்களுக்குள் அறுவை இன்றியே நலம் காண்பது இதனால்தான்.

'ஓய்வு' என்னும் சொல்

முற்காலத்தில் மருத்துவர்களே வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். எடையைக் கட்டிக் காலை இழுத்துப் படுக்கவைக்கும் முறையும் இருந்தது. இன்றும் சில இடங்களில் இருக்கிறது. அவ்வாறு இழுப்பதால் குறிப்பிடத்தக்க பயன் விளைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

படுக்கை ஓய்வைப்பற்றி மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன். 1986இல் அமெரிக்காவில் 203 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு நாளும் மற்றொரு பிரிவினரை ஏழு நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் பிரிவினர் வேலைக்குச் செல்லாத நாட்கள் நூற்றுக்கு 45 பங்கு குறைவாக இருந்தன. குணமடைவதில் எக்குறையும் இல்லை. 1995இல் ஃபின்லாந்து நாட்டில், திடீர் இடுப்புவலி வந்தவர்களுள் படுத்திருந்தவர்களைவிட, தாங்கும் அளவில் அன்றாட வேலையைச் செய்துவந்தவர்களே விரைவில் தேறினர். 1999இல் நெதர்லாந்தில் சயாட்டிகா நோயாளிகளையே எடுத்து ஆராய்ந்தபோதும், இரண்டு வாரப் படுக்கை எந்த நன்மையையும் கூட்டவில்லை.

காரணம் எளிது. வட்டுக்கு நேரான இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அழுத்தமும் தளர்வும் மாறிமாறி வரும்போதுதான் கடற்பஞ்சு போல் நீரையும் ஊட்டத்தையும் அது உறிஞ்சிக்கொள்கிறது. அசைவே அதன் உணவு. படுத்தேயிருப்பின் முதுகைத் தாங்கும் தசைகளும் வலுவிழக்கின்றன. தாங்க இயலாத வலி உள்ளபோது ஓரிரு நாள் படுக்கலாம். அப்போதும் மணிக்கொரு முறை எழுந்து அறைக்குள் சில அடி நடப்பது நன்று. பிறகு மெல்ல மெல்ல வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்புவதே மருந்து. இடுப்புப் பெல்ட்டும் அவ்வாறே: பயணத்திற்கோ கடும் வலி நாளுக்கோ அணியலாம், மாதக்கணக்கில் அணிந்தால் தசையின் வேலையைப் பெல்ட் எடுத்துக்கொள்ளும்.

மீண்டும் வலி வராமலிருக்க எளிய வழி நடத்தல். 2024இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 701 பேர் பங்குகொண்டனர். அண்மையில் முதுகுவலியிலிருந்து மீண்ட அவர்களுள் ஒரு பிரிவினர்க்கு இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலோடு, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடப்பதை இலக்காக வைத்துப் படிப்படியாகப் பயிற்சி அளித்தனர். பயிற்சி பெறாதவர்க்கு வலி மீள்வதற்கு இடைப்பட்ட காலம் நடுமதிப்பாக 112 நாள். நடந்தவர்க்கு 208 நாள். பொழுது சாய்வதற்குள் உணவை முடிக்கும் பழக்கமுள்ள நம் இல்லங்களில், உணவுக்குப் பின் வீதியில் நடக்க நேரத்திற்குக் குறைவில்லை. காசு செலவில்லாத மருந்து இது.

வலி சற்றுத் தணிந்தபின் மூன்று எளிய பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று, மல்லாந்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி இடுப்பை மெல்ல உயர்த்துதல். இரண்டு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி முதுகை மெதுவாக மேலே வளைத்தலும் கீழே குழித்தலும். மூன்று, குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்துதல். இவற்றைச் செய்யும்போது ஒரு விதியை மனத்தில் கொள்ளுங்கள். காலில் இருந்த வலி மேலேறி இடுப்புக்குள் ஒடுங்கினால் நல்ல அறிகுறி. இடுப்பிலிருந்த வலி காலை நோக்கி இறங்கினால் அப்பயிற்சியை உடனே நிறுத்திவிட வேண்டும்.

மருந்தும் நோன்பும்

நம் குடும்பங்களுக்கெனத் தனியே சொல்ல வேண்டிய செய்தி இது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநீக்கிகளை மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி உண்பவர் பலர். அழற்சியைத் தணிக்க இவை சில நாளைக்குப் பயன்படும். ஆனால் வெறும் வயிற்றில் உட்கொண்டால் இரைப்பையைப் புண்ணாக்கும். உடலில் நீர் குறைந்திருக்கும்போது உட்கொண்டால் சிறுநீரகத்திற்கு ஊறு செய்யும். உபவாசம் இருக்கும் நாளில், அதிலும் நீரும் அருந்தாத நோன்பு நாளில், இம்மாத்திரைகளை உண்பது பெருந்தீங்கு. நோன்பு ஏற்கும் முன்பே மருத்துவரிடம் அதனைத் தெரிவித்து, மருந்தை மாற்றலாமா, நிறுத்தலாமா எனக் கேட்டுக்கொள்வதே முறை. இரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எந்நாளிலும் இவற்றைத் தாமே வாங்கி உண்ணலாகாது.

அன்றாட வாழ்வில்

இரவில் படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். எனவேதான் காலையில் நம் உயரம் மாலையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. பருத்த வட்டு, எழுந்தவுடன் குனிவதை விரும்புவதில்லை. விடியற்காலையில் எழுந்த கையோடு இடுப்பை மடித்து வாசல் பெருக்கிக் கோலமிடும் தாய்மார்கள் இதனைக் கருத வேண்டும். கோலத்தை விடச் சொல்லவில்லை. எழுந்து அரைமணி நேரம் நடமாடிய பின் செய்யுங்கள். வலியுள்ள நாட்களில் சிறு முக்காலியில் அமர்ந்து போடுங்கள்.

சுமை தூக்குவதில் எடையைவிடத் தொலைவு முக்கியம். 1999இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், ஒருவரது வட்டுக்குள்ளேயே நுண்கருவி பொருத்தி அழுத்தத்தை அளந்தனர். படுத்திருக்கும்போது அழுத்தம் மிகக் குறைவு. 20 கிலோ எடையை உடலோடு அணைத்துப் பிடித்தபோது இருந்த அழுத்தம், கையை நீட்டிப் பிடித்தபோது ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்தது. முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது அதனினும் மிகுந்தது. எனவே குடமாயினும் நெல் மூட்டையாயினும் எரிவாயு உருளையாயினும், முழங்காலை மடக்கி, பொருளை வயிற்றோடு சேர்த்து எழுங்கள். தூக்கியபடியே இடுப்பை முறுக்காதீர்கள், பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள்.

முதுகுவலிக்காரர் கட்டாந்தரையிலோ பலகையிலோதான் படுக்க வேண்டும் என்பது நெடுநாள் நம்பிக்கை. 2003இல் ஸ்பெயின் நாட்டில் 313 பேரிடம் செய்த ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையே நெடுநாள் வலிக்கு நல்ல பயன் தந்தது. பாயில் படுத்துச் சுகமாக உறங்குபவர் அவ்வாறே உறங்கலாம். கட்டாயப்படுத்தித் தரையில் படுக்கவைக்க வேண்டியதில்லை. ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை வைத்துக்கொள்வது இதம் தரும். வழிபாட்டிலோ சொற்பொழிவிலோ நெடுநேரம் சம்மணமிட்டு அமர்பவர்கள் அரைமணிக்கு ஒருமுறை காலை நீட்டி மடக்குவதோ எழுந்து நிற்பதோ குற்றமாகாது. இவ்வரங்கிலும் இப்போதே அதனைச் செய்யலாம். நான் வருத்தப்பட மாட்டேன்.

அறுவை எப்போது?

முதுகில் கத்தி பட்டால் கால் விழுந்துவிடும் என்னும் அச்சம் ஒருபுறம். ஸ்கேனில் பிதுக்கம் தெரிந்தால் உடனே அறுவை செய்துவிட வேண்டும் என்னும் அவசரம் மறுபுறம். இரண்டுக்கும் நடுவே உண்மை நிற்கிறது. நெதர்லாந்தில் கடுமையான சயாட்டிகா உள்ள 283 பேரை ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டனர். விரைந்து அறுவை செய்துகொண்டவர்க்குக் கால்வலி விரைவில் நீங்கியது. பொறுத்துப் பார்த்தவர்களுள் நூற்றுக்கு 39 பேர் பின்னர் அறுவையை நாடினர். ஏனையோர் அதுவின்றியே இருந்தனர். ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 95 பேர் நலமடைந்திருந்தனர். அதாவது, வலியைத் தாங்க இயலுமாயின் பொறுக்கலாம்; இயலாதாயின் அறுவையால் விரைந்த விடுதலை பெறலாம். இது நோயாளியும் மருத்துவரும் அமர்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. கால்வலிக்குத்தான் இவ்வறுவை நன்கு பயன்படும். வெறும் இடுப்புவலிக்கு அன்று. ஆனால் பாதத்தைத் தூக்க இயலாமல் கால் வலுவிழந்துகொண்டே வருமாயின் பொறுத்திருத்தல் கூடாது. உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

சொல்லப்படாத சொல்

இனி, நான்காவது செய்திக்கு வருகிறேன். இதுவரை அஞ்சாதீர்கள் என்றேன். இப்போது அஞ்சுங்கள் என்கிறேன்.

முன்பு சொன்ன குதிரைவால் நரம்புக் கற்றை, கால்களை மட்டும் ஆள்வதன்று. சிறுநீர்ப்பையையும் மலவாயையும் ஆள்வதும் அதுவே. பெரிய பிதுக்கம் ஒன்று அக்கற்றை முழுவதையும் நசுக்குவது மிக அரிதாக நிகழும். அதன் அடையாளங்களாவன: சிறுநீர் முட்டியும் வெளியேறாமை, அல்லது தன்னையறியாமல் கசிதல், மலத்தை அடக்க இயலாமை, மிதிவண்டியில் அமர்ந்தால் இருக்கையில் படும் இடம், அதாவது மலவாயும் பிறப்புறுப்பும் தொடைகளின் உட்புறமும், உணர்விழந்து மரத்துப்போதல், இரு கால்களிலும் வலியும் வலுக்குறைவும் பரவுதல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது. அன்றிரவே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 48 மணி நேரத்திற்குள், அதிலும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு, அறுவை செய்து அழுத்தத்தை நீக்கினால்தான் அந்நரம்புகள் மீளும் வாய்ப்பு மிகுதி.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியைக்குக் கடும் இடுப்புவலியோடு சிறுநீர் கழிவது நின்றது. வீட்டில் கணவர் இருந்தார், மகன் இருந்தான், மருமகள் இருந்தாள். வலியைப்பற்றி அனைவரிடமும் சொன்னார். இதை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்ற கூச்சம். மூன்றாம் நாள் வயிறு உப்பியபோதுதான் மருமகள் கேட்டறிந்து அழைத்துச் சென்றாள். அறுவை நடந்தது. இன்று அவர் நடக்கிறார். ஆனால் ஒவ்வொரு நாளும் குழாய் வைத்தே சிறுநீரை வெளியேற்றுகிறார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த நா, தனக்கு வேண்டிய வேளையில் ஒரு வாக்கியத்தைப் பேசவில்லை.

தாய்மார்களே, அவ்வாக்கியத்தை இங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். "எனக்கு ஒன்றுக்கு வரவில்லை, உட்காரும் இடம் மரத்திருக்கிறது." இவ்வளவுதான். இதில் நாணத்தக்கது எதுவும் இல்லை. மருமக்களே, பிள்ளைகளே, பெரியவர்கள் சொல்லட்டும் என்று காத்திராதீர்கள். முதுகுவலியால் படுத்திருப்பவரிடம், "சாப்பிட்டீர்களா" என்று கேட்பதோடு, "சிறுநீர் சரியாகப் போகிறதா" என்றும் கேளுங்கள். கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்வது பெரியவர்க்கு எளிது.

இன்னும் சில அடையாளங்களையும் புறக்கணிக்கலாகாது. முதுகுவலியோடு மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் வாரக்கணக்கில் இருந்தால் அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம், நம் நாட்டில் அது அரிதன்று, மருந்தால் குணமாவது. முன்பு புற்றுநோய் கண்டவர்க்குப் புதிதாக முதுகுவலி வந்தாலும், படுத்தாலும் தணியாத இரவு வலி தொடர்ந்தாலும், முதியோர் சிறிது வழுக்கி விழுந்தபின் வலி வந்தாலும் மருத்துவரைக் காண்பதில் காலம் தாழ்த்த வேண்டாம்.

அன்புடையீர், திருக்குறளில் மருந்து என்பது 95ஆம் அதிகாரம். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைசெய்பவர் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று அவ்வதிகாரம் நிறைவுறுகிறது. மருத்துவரும் மருந்தும் வெளியில் உள்ளனர். ஏனைய இருவரும் நம் வீட்டில் உள்ளனர். நோயுற்றவர் மறையாமல் சொல்ல வேண்டும். துணைநிற்பவர் "படுத்திருங்கள்" என்று மட்டும் சொல்லாமல், கைபிடித்து வாசல்வரை நடத்திச் செல்ல வேண்டும். கேட்கத் தயங்கும் கேள்வியையும் கேட்க வேண்டும். இவ்விரண்டும் நம் வீடுகளில் நடக்குமாயின், பெரும்பாலான முதுகுவலிகள் நம்மை அஞ்சவைக்க மாட்டா. அஞ்ச வேண்டிய ஒன்றும் காலந்தாழ்ந்து வந்து சேராது.